நடுவானில் ஓர் எச்சரிக்கை விளக்கு

மதுரையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருக்கிறீர்கள். மேலூரைத் தாண்டியதும் ஓட்டுநரின் முன்னால் உள்ள பலகையில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். ஓட்டுநர் என்ன செய்வார்? வண்டியை ஓரங்கட்டுவார், எஞ்சினை அணைப்பார், இறங்கிப் போய்ப் பார்ப்பார். நீங்களும் இறங்கி நிழல் தேடி நிற்பீர்கள். நடத்துநர் கையைக் காட்டி அடுத்து வரும் பேருந்தில் உங்களை ஏற்றிவிடுவார். அரைமணி நேரம் வீணாயிற்றே என்ற வருத்தத்தோடு கதை முடிந்துவிடும்.

இதே போன்ற விளக்கு ஆகாயத்தில் பறக்கும் விமானத்தில் எரிந்தால்? அங்கே ஓரங்கட்ட இடமில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் பார்க்கவும் முடியாது. பழுதோடேயே பறந்துகொண்டு, பழுதைப் பற்றிச் சிந்திக்கவும் வேண்டும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 11, ஆயுத பூசை நாள். நம் ஊர்களில் பேருந்துக்கும் லாரிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்த அன்று மாலை, ஏறத்தாழ 5.40 மணிக்கு, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று புறப்பட்டது. அதில் 140க்கும் மேற்பட்டோர் இருந்தனர். புறப்பட்ட சிறிது நேரத்தில் அதன் ஹைட்ராலிக் அமைப்பில், அதாவது திரவ அழுத்தத்தால் இயங்கும் அமைப்பில், கோளாறு தெரிந்தது. விமானம் சார்ஜாவுக்குப் போகவில்லை. உடனே இறங்கவும் இல்லை. திருச்சி, புதுக்கோட்டை வட்டார வானில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாக வட்டமிட்டது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசையில் நின்றன. தொலைக்காட்சி முன் தமிழ்நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தது. இரவு ஏறத்தாழ 8.15 மணிக்கு விமானம் வழக்கம்போலச் சக்கரங்களில் வந்து இறங்கியது. யாருக்கும் காயமில்லை.

அந்த இரண்டரை மணி நேரத்தில் விமானி அறையில் நடந்தது என்ன? அதை அறிய வேண்டுமானால், 90 ஆண்டுகளாக உலகம் பெருவிலை கொடுத்துக் கற்ற சில பாடங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பட்டியல் பிறந்த கதை

1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்டு என்னும் விமானத் திடலில், நான்கு எஞ்சின்கள் கொண்ட போயிங் 299 என்ற புதிய விமானம் சோதனைப் பறப்புக்காக எழும்பியது. ஓட்டியவர் மேஜர் ஹில் என்னும் தேர்ந்த விமானி. ஆனால் எழும்பியவுடன் அது மூக்கை மேலே தூக்கிக்கொண்டு சென்று, வேகம் இழந்து தரையில் மோதியது. ஹில்லும் போயிங் நிறுவனத்தின் சோதனை விமானி டவரும் உயிரிழந்தனர்.

காரணம் என்ன தெரியுமா? தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமல் இருப்பதற்காக வால்பகுதியின் அசையும் பலகைகளைப் பூட்டி வைப்பார்கள். புறப்படும் முன் அந்தப் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

“இந்த விமானம் ஒரு மனிதனால் ஓட்ட முடியாத அளவுக்குச் சிக்கலானது” என்று முடிவு கட்டியிருக்கலாம். அமெரிக்க விமானப் படையினர் வேறு வழி கண்டனர். செய்ய வேண்டியவற்றை ஓர் அட்டையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்தனர். இன்று உலகெங்கும் விமானி அறைகளில் உள்ள சரிபார்ப்புப் பட்டியலின் தொடக்கம் அதுவே. திறமைசாலியின் நினைவாற்றலும் ஒரு நாள் தவறும் என்பதை ஒப்புக்கொண்டதுதான் முதற்பாடம்.

மதுரைக்கு வந்து சேராத விமானம்

இரண்டாவது பாடம் நமக்கு மிக அருகில் நடந்தது. 1971 டிசம்பர் 9 அன்று திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏவ்ரோ 748 விமானம் 31 பேருடன் வந்துகொண்டிருந்தது. இந்த வகை விமானங்களை நம் நாட்டிலேயே கான்பூரில் கட்டி வந்தார்கள். இரு ஊர்களுக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை. பார்வைத் தெளிவு குறைந்திருந்த வேளையில், மதுரையில் இறங்குவதற்காக விமானம் பாதுகாப்பான உயரத்திற்கும் கீழே தாழ்ந்தது. சின்னமனூர் அருகே மலையில் மோதியது. 21 பேர் மாண்டனர்.

உயரமானி இருந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் அது காற்றழுத்தத்தை அளந்து கடல்மட்டத்திலிருந்து உள்ள உயரத்தைக் காட்டுவது. மதுரை விமான நிலையம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 140 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே ஆயிரம் மீட்டரையும் தாண்டி நிற்கும் மலைகள் உள்ளன. “கீழே இருப்பது சமவெளியா, மலையா?” என்ற கேள்விக்கு அந்தக் கருவியிடம் விடை இல்லை. எஞ்சின் ஓடுகிறது, சிறகு சரியாக இருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனாலும் மலை நெருங்கிக்கொண்டே வருகிறது.

இத்தகைய விபத்துகள் அக்காலத்தில் உலகெங்கும் நடந்தன. டான் பேட்மேன் என்ற கனடா நாட்டுப் பொறியாளர் இதற்கு ஒரு கருவியைச் செய்தார். ரேடியோ அலையைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பி வருவதிலிருந்து தரைக்கு உள்ள உண்மையான தொலைவைக் கணக்கிடும் உயரமானி அதற்கு உதவியது. ஆயிரம் மீட்டர் கீழே போய்த் திரும்ப ரேடியோ அலைக்கு ஏறத்தாழ 6.7 மைக்ரோ செக்கண்டுகளே ஆகும். தரை அளவுக்கு மீறிய விரைவில் நெருங்கினால் கருவி குரல் கொடுக்கும்: “புல் அப்! புல் அப்!” அதாவது, மேலே இழு! 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தபின், அமெரிக்க அரசு இக்கருவியைக் கட்டாயமாக்கியது. பின்னர் பிற நாடுகளும் பின்பற்றின.

இந்தக் குரல் கேட்டால் விமானி யோசிப்பதற்கோ பட்டியல் தேடுவதற்கோ இடமில்லை. அந்த நொடியே எஞ்சின்களுக்கு முழு விசை கொடுத்து மூக்கை உயர்த்த வேண்டும். காரணத்தை மேலே சென்றபின் ஆராயலாம். இதை “உடனே செய்” வகை எச்சரிக்கை என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு பல்பும் 101 உயிர்களும்

எல்லா எச்சரிக்கைக்கும் இப்படிப் பாய்ந்தால் சரியாகுமா? ஆகாது. 1972 டிசம்பர் 29 இரவு, அமெரிக்காவின் மியாமி நகரில் இறங்க வந்தது ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம். சக்கரங்களை இறக்கினர். முன்சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. சக்கரம் இறங்கவில்லையா, பல்பு போய்விட்டதா? விமானத்தைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, அறையில் இருந்த அனைவரும் அந்தப் பல்பைக் கழற்றுவதில் மூழ்கினர். இதற்கிடையில் தானியங்கி தன் உயரப் பிடியை விட்டுவிட்டது, யாரும் அறியவில்லை. உயரம் குறைகிறது என்று மணி ஒலித்தும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் விழுந்தது. 101 பேர் இறந்தனர். பிறகு பார்த்தால், பல்புதான் பழுது!

ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்டு நகரில் ஏறத்தாழ அதே கதை. சக்கரக் கோளாற்றை ஆராய்ந்தபடியே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் வட்டமிட்டது. எரிபொருள் குறைவதைத் துணை விமானியும் பறப்புப் பொறியாளரும் சொன்னார்கள்; ஆனால் தலைமை விமானியின் மனத்தில் உறைக்கும்படி அழுத்திச் சொல்லவில்லை. தீர்ந்தது எரிபொருள், விழுந்தது விமானம், இறந்தவர்கள் 10 பேர்.

இந்த இரண்டு விபத்துகளும் சொல்லும் செய்தி ஒன்றே. பழுது கொல்லவில்லை, பழுதின்மேல் போன கவனம் கொன்றது. 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்கென்றே ஓர் ஆய்வரங்கம் நடத்தியது. அதன் விளைவாக, அறையில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் எவ்வாறு பேச வேண்டும், இளையவர் மூத்தவரிடம் எவ்வாறு ஐயத்தைத் துணிந்து சொல்ல வேண்டும் என்பதும் பயிற்சிப் பாடமாயிற்று. “பெரியவர் தவறு செய்யமாட்டார்” என்று வாய் பொத்தி நிற்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகாயத்தில் அந்த மரியாதைக்கு இடமில்லை.

கருவியே பொய் சொன்னால்?

இன்னொரு வகை ஆபத்தும் உண்டு. 1978 சனவரி 1 அன்று இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்டது ஏர் இந்தியாவின் ‘சாம்ராட் அசோகா’ என்ற போயிங் 747. கரையைத் தாண்டி, இருண்ட கடலுக்கு மேலே வலப்புறமாகத் திரும்பி, பின் நேரானது. ஆனால் தலைமை விமானியின் முன்னே இருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி, இன்னும் வலப்புறம் சாய்ந்திருப்பதாகவே காட்டியது. அதை நம்பி அவர் இடப்புறம் திருப்பினார், மேலும் திருப்பினார். விமானம் கவிழ்ந்து கடலில் விழுந்தது. 213 பேரும் மாண்டனர்.

அந்த அறையில் சாய்வு காட்டும் கருவிகள் மூன்று இருந்தன. இங்கே ஓர் எளிய உண்மையைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் இரண்டு கடிகாரங்கள் வெவ்வேறு மணி காட்டினால், எது தவறு என்று சொல்ல முடியாது. மூன்று இருந்தால், இரண்டு ஒத்துப்போவதைக்கொண்டு மூன்றாவதைச் சந்தேகிக்கலாம். அதற்காகவே மூன்று வைக்கிறார்கள். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நொடிகளாவது நிதானம் வேண்டும். வெளியே இருள்; அடிவானம் தெரியாது; உடலின் உணர்வும் ஏமாற்றும். அந்த நொடிகள் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்றைய ஒழுங்கு

இந்தத் துயரங்களிலிருந்து திரட்டிய ஒழுங்கு இன்று எவ்வாறு செயல்படுகிறது? விளக்கு எரிகிறது, மணி ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதற்காரியம், விமானத்தைப் பறக்கச் செய்வது. “விமானம் என் கையில்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்வார். அதன்பின் அவர் வேகம், உயரம், திசை இவற்றைத் தவிர வேறெதையும் தலையில் ஏற்றிக்கொள்ளமாட்டார். மியாமியில் இல்லாமற்போனது இதுதான். தரையைவிட்டுக் கிளம்பிய உடனே விளக்கு எரிந்தால், பொதுவாக 400 அடி உயரம் எட்டும்வரை கோளாற்றுக்காக எந்தக் கைப்பிடியையும் தொடமாட்டார்கள்.

இரண்டாவது, மணியை நிறுத்திவிட்டு, எரியும் விளக்கு எது என்று மற்றவர் உரக்கப் படிப்பார். சிவப்பு என்றால் அவசரம். மஞ்சள் என்றால் கவனம். எஞ்சினில் தீ போன்ற சிலவற்றிற்கு மட்டும் முதல் ஓரிரு செயல்களை மனப்பாடமாகச் செய்வார்கள். மற்றவற்றிற்குக் கையேட்டைத் திறந்து, வரிவரியாகப் படித்துச் செய்ய வேண்டும். இதுவே “நிதானமாகப் படி” வகை.

மூன்றாவது, திருப்பி எடுக்க முடியாத செயல் எதுவானாலும் இருவரும் ஒப்ப வேண்டும். ஒருவர் கைப்பிடியின்மேல் கைவைத்து “இதுதானே?” என்பார், மற்றவர் பார்த்து “ஆம்” என்றபின்பே இழுப்பார். 1989 சனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் என்ற ஊரருகே ஒரு போயிங் 737 விழுந்து 47 பேர் இறந்தனர். பழுதானது இடப்புற எஞ்சின். விமானிகள் அவசரத்தில் அணைத்ததோ நன்றாக ஓடிய வலப்புற எஞ்சினை! ஒரு கேள்வியின் விலை எவ்வளவு என்று பாருங்கள்.

நான்காவதுதான் பேச்சு. கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் உயிராபத்து என்றால் “மேடே” என்றும், அவசரம் ஆனால் உடனடி ஆபத்தில்லை என்றால் “பான் பான்” என்றும் மும்முறை சொல்வார்கள். பறப்பது, வழி அறிவது, பேசுவது. இந்த வரிசை மாறக்கூடாது. பயணிகளுக்கு அறிவிப்புச் சற்றுத் தாமதமாக வருவதன் காரணமும் இதுவே. அடுத்த முறை விமானத்தில் ஏதேனும் நேர்ந்து, “ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை?” என்று நீங்கள் தவித்தால், மேலே உள்ளவர்கள் முதல் மூன்று வேலைகளில் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மீண்டும் திருச்சிக்கு

இனி நம் திருச்சி விமானத்திற்கு வருவோம். பள்ளியில் படித்த பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? மூடிய திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்திற்கும் குறையாமல் பரவும். போயிங் 737இன் ஹைட்ராலிக் குழாய்களில் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 3,000 பவுண்டு. அதாவது உங்கள் கட்டைவிரல் நகமளவு இடத்தில் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடையை வைத்ததற்குச் சமம். சக்கரங்களை மடக்குவதும் இறக்குவதும், சிறகின் பலகைகளை அசைப்பதும், பிரேக் பிடிப்பதும் இந்த விசையால்தான்.

ஒரு குழாய் கசிந்தால் எல்லாம் போய்விடாதா? அதற்காகவே முதன்மை அமைப்புகள் இரண்டும், மாற்று அமைப்பு ஒன்றும் வைத்துள்ளனர். இரண்டு முதன்மை அமைப்புகளும் போனாலும், கம்பிவடங்கள் வழியே கைவலிமையால் விமானத்தைத் திருப்பலாம்; கடினமாக இருக்கும், அவ்வளவே. சக்கரங்களின் பூட்டைக் கையால் விடுவித்தால் புவியீர்ப்பே அவற்றைக் கீழே இறக்கிவிடும். சிறகு மடிப்புகளை மின்மோட்டாரால் இறக்கலாம். ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் இன்னொரு கதவு.

அப்படியானால் உடனே இறங்கியிருக்கலாமே, ஏன் வட்டமிட வேண்டும்? இங்கேதான் இயற்பியல் வருகிறது. சார்ஜா போவதற்காக அதில் எரிபொருள் நிறைய இருந்தது. விமானம் இறங்கும்போது இருக்கத்தக்க எடை, புறப்படும்போது இருக்கத்தக்க எடையைவிடக் குறைவு. பெரிய விமானங்கள் சிலவற்றில் எரிபொருளை வானிலேயே கொட்டிவிட வசதி உண்டு; 737இல் இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். மணிக்கு ஏறத்தாழ 2 முதல் 3 டன் எரியும்.

எடை கூடினால் என்ன கெட்டுவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 டன் எடையுள்ள விமானம் நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடுகிறது. அதன் இயக்க ஆற்றல், நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், ஏறத்தாழ 16 கோடி ஜூல். ஏறத்தாழ 540 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது! ஓடுபாதை முடிவதற்குள் இவ்வளவையும் பிரேக்கும் காற்றும் எஞ்சின்களின் எதிர்விசையும் உறிஞ்சியாக வேண்டும். திருச்சி ஓடுபாதை இரண்டரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு.

இன்னும் ஒன்று. எடை கூடினால் அதைத் தாங்க வேகமும் கூட வேண்டும். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகத்தின் வர்க்கம் எடைக்கேற்ப உயரும். விளைவு, ஆற்றல் எடையின் வர்க்கத்திற்கேற்ப உயருகிறது. எடை 10 சதவீதம் கூடினால் ஆற்றல் 21 சதவீதம் கூடும். பிரேக்குக்கு உதவும் அமைப்பிலேயே கோளாறு என்னும்போது, ஒவ்வொரு டன்னையும் எரித்துக் குறைப்பது எவ்வளவு அறிவார்ந்த செயல்! கீழே நின்றவர்களுக்குத் தவிப்பாய்த் தெரிந்த அந்த வட்டங்கள், உண்மையில் ஆபத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டிருந்தன. தீப்பிடித்திருந்தால் அதே விமானிகள் ஒரு நிமிடமும் வட்டமிட்டிருக்கமாட்டார்கள். எடையைப் பாராமல் இறங்கியிருப்பார்கள். எது “உடனே செய்”, எது “நிதானமாகப் படி” என்று பிரித்தறிவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

விளக்கு எரியாத இரவு

ஒரு முரண்பாட்டையும் சொல்லிவிட வேண்டும். அதே திருச்சியில் 2018 அக்டோபர் 12 அதிகாலையில், துபாய்க்கு 136 பேருடன் கிளம்பிய விமானம் ஒன்று போதிய உயரம் எழும்பாமல் நிலையத்தின் ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துக்கொண்டு பறந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து கேட்டபோது, கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்று விமானிகள் விடை கூறினர். வழி தொடர்ந்து, அரபிக்கடல்மேல் சென்ற பிறகுதான் மும்பைக்குத் திருப்பப்பட்டது. இறங்கியபின் பார்த்தால் வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது! நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

ஒரு விளக்குக்கு எதைக் காட்டக் கற்பித்திருக்கிறோமோ அதை மட்டுமே அது காட்டும். சுவர் இடித்தால் எரியும் விளக்கு எந்த விமானத்திலும் இல்லை. ஆகவே விளக்கு எரிந்தால் பதறாமலிருப்பது பாதி அறிவு. விளக்கு எரியவில்லை என்பதற்காக எல்லாம் நலம் என்று நம்பாமலிருப்பது மறுபாதி.

மாணவ நண்பர்களே, எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காண்கிறேன். ஃபியூஸ் எரிந்துபோகும். “ஏன் எரிந்தது?” என்று கேட்பதற்குள், ஒருவர் தடித்த கம்பியை வைத்துக் கட்டிவிட முனைவார். எச்சரித்தவனின் வாயைக் கட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இன்னொருவர் பயந்துபோய் எல்லாச் சுவிட்சுகளையும் தட்டுவார். இருவருமே விமானி அறைக்கு ஆகாதவர்கள். மூன்றாமவர் ஒருவர் இருப்பார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நோட்டைத் திறந்து, மின்சுற்றை முதலிலிருந்து விரலால் தொடர்ந்து பார்ப்பார். பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டு, “நீயும் ஒருமுறை பார்” என்பார்.

1971இல் சின்னமனூர் மலையில் மோதிய விமானத்திற்கு எச்சரிக்கக் குரல் இல்லை. 2024இல் திருச்சி வானில் விளக்கு இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த இருவர் இருந்தனர். அவர்களுக்குப் பின்னால், தாம் ஒருபோதும் சந்தித்திராத பலருடைய மரணங்கள் எழுதிவைத்த கையேடும் இருந்தது. மதுரைக்கு மேலே மாலையில் விமானம் ஒன்று வெளிச்சப் புள்ளியாய்ச் செல்வதைக் காணும்போது, அந்தக் கையேட்டையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.